விரல் நுனியில் ஊதா

போன மாதம் போட்டோ பிடிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். விழுப்புரத்தில் கல்யாணம் காதுகுத்து என்று அலைகிறவர்கள். அதில் ஒருவன் கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு பழைய லென்ஸை எங்கிருந்தோ பிடித்துத் தன் புதுக் கேமராவில் மாட்டி வைத்திருந்தான். அகல வாய் லென்ஸ். வெளிச்சம் கொஞ்சமாக இருந்தாலும் படம் விழும்.

"ஓரத்துல ஊதாக் கலரு கசியுதும்மா. ஆனா பேஜாரே இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு அமுக்கு அமுக்கினா ஜல்தியா போயிடுது" என்று செய்தும் காட்டினான். ஒரு மணப்பெண்ணின் ஜிமிக்கியைச் சுற்றியிருந்த ஊதா என் கண்ணெதிரே காணாமல் போனது.

"எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"போயிடுச்சும்மா."

"அதுங்கூட சேர்ந்து வேற இன்னா போச்சுன்னு பாத்தியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கிழவிக்குச் சந்தேகப் புத்தி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். சந்தேகத்தில்தான் நான் சம்பளம் வாங்கினேன். இந்த ஊதாவால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோக இருந்தது என்று சொன்னதும் சிரிப்பு அடங்கியது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஊர் உலகத்துக்காக ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி பெயர் கோதண்டம். பெண்ணை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் பெரிய மனசு ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணைப் படம் எடுக்க ஆம்பளையை வீட்டுக்குள் விடமாட்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் போனால் சமையல்கட்டு வரை விடுவார்கள், காபியும் கொடுப்பார்கள். முதல் இரண்டு வருஷம் இருட்டறையும் பென்சிலும்தான். நெகட்டிவ்மேல் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தால் முகத்தில் இருக்கிற பள்ளம் நிரம்பிவிடும். என் பென்சிலில் மறைந்த அம்மைத் தழும்புகளுக்குக் கணக்கே இல்லை. என் கையில் பொய் இருந்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். அந்தக் காலத்தில் நெல்லுமூட்டையைப் பார்ப்பதுபோலப் பெண்ணைப் பார்த்தார்கள். அவர்களுக்கு என் பென்சில் போதும்.

கோதண்டம் முதலாளி எதையும் நம்பமாட்டார். லென்ஸ்மேல் எத்தனை அடி என்று எழுதியிருந்தாலும் தையல்காரர் டேப்பை எடுத்து, உட்கார்ந்திருக்கிறவரின் கண்ணிலிருந்து கேமரா வரை அளந்துதான் படம் எடுப்பார். பெரிய ஆபீசர் வந்தாலும் அதே டேப்புதான். மூக்குக்கு நேரே டேப்பின் பித்தளை முனை வரும்போது ஆபீசர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள். "ஆடாதீங்க சார், லென்ஸுக் கண்ணாடி பொய் சொல்லும், டேப்பு சொல்லாது" என்பார். படம் கழுவக் கடைக்காரர் கொடுத்த மருந்தை மோந்து பார்ப்பார். நான் சுத்தமாகக் கழுவிய பாத்திரத்தை வாங்கி இன்னொரு தடவை கழுவுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அழுகை வரும். பிறகு எனக்கும் அது தொற்றிக்கொண்டது. வீட்டில் அம்மா உப்புப் போட்டேன் என்றால் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

அந்த அகல வாய் லென்ஸ் எங்களிடம் வந்தது புதுச்சேரியிலிருந்து. ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு பிரெஞ்சுக்காரர் கேமராவோடு சேர்த்து விற்றுவிட்டுப் போனார். வாங்கி வந்த நாளிலிருந்து முதலாளிக்கு நிம்மதி இல்லை.

"இவ்ளோ நல்ல கண்ணாடிய எவனாச்சும் விப்பானா சரோஜா? என்னமோ இருக்குது. பாத்துடணும்."

பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த வழி மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர். ஒரு பலகையில் மல்லாட்டையை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைப்பார். கேமராவைச் சற்று உயரத்தில் நிறுத்தி, வரிசை முழுவதும் படத்தில் விழும்படி சாய்ப்பார். நடுக்கொட்டையில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தக் கேமராவில் ஃபோகஸ் பார்ப்பது எப்படியென்றால், உள்ளே ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒன்றாகச் சேரும். சேர்ந்தால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். பொட்டு வைத்த கொட்டையில் சேர்த்து, லென்ஸ் வாயை முழுக்கத் திறந்து, படம் எடுத்துக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். மல்லாட்டைத் தோலில் இருக்கிற வலைக்கோடு போல ஃபோகஸ் பார்க்க வாகான பொருள் உலகத்தில் வேறு இல்லை. சோதனை முடிந்தாலும் தின்ன விடமாட்டார். அடுத்த சோதனைக்கும் அதே கொட்டை வேண்டுமாம்.

அவர் சந்தேகம் வீண்போகவில்லை. பொட்டு வைத்த கொட்டையின் கோடு மழுங்கிக் கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்த கொட்டைதான் பளிச்சென்று விழுந்திருந்தது. அதாவது கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் காது தெளிவாக விழும். லென்ஸ் வாயைச் சுருக்கினால் முன்பின் எல்லாம் ஓரளவு தெளிந்துவிடும், ஆனால் வெளிச்சம் குறையும். "பாத்தியா, பிரெஞ்சுக்காரன் ஏன் வித்தான்னு?" என்று முதலாளி குதித்தார். அந்த மனுஷனை நான் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து ஸ்டூடியோவில் ஒரு சட்டம் வந்தது. வாயை முழுக்கத் திறந்து எடுத்தால், ஃபோகஸ் செய்தபிறகு ஒரு விரல்கடை பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் இந்த வைத்தியம் போதுமாக இருந்தது. கறுப்பு வெள்ளை எதை மறைத்துக்கொண்டு இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் காலையில் திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் தணிகாசலம். பினாங்கில் வெகுகாலம் கடை வைத்திருந்து திரும்பியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பினாங்குக்காரர்தான். வந்தவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தை மேஜைமேல் வைத்தார். எங்கள் ஸ்டூடியோ முத்திரை. என் பென்சில்.

"எங்க அக்காவோட பெரிய புள்ளைக்கு இந்தப் போட்டோவப் பாத்துதான் முடிச்சோம். மணையில உக்காந்தப்புறந்தான் புருவத்துக்கு மேல இவ்ளோ நீளம் தழும்பு தெரியுது. யாரு வேல இது?"

"என் வேலைதாங்க" என்றேன். "பொண்ணு எப்பிடி இருக்குது? நல்லா குடும்பம் பண்ணுதா?"

"பண்ணுது. அது வேற." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். "இது கலரு ஃபிலிமு. வெளிநாட்டுச் சரக்கு. அக்காவோட சின்ன புள்ள, சம்பந்தம்னு பேரு, அவனுக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். கறுப்பு வெள்ளையில உங்க பென்சில் வேல செய்யும். கலருல இன்னா பண்ணுவீங்க? எடுத்து அப்பிடியே என் கையில குடுத்துடணும். பம்பாய்க்கு நானே அனுப்பிக் கழுவிக்கிறேன். ரெண்டு கையும், விரலும் தெரியணும். கலரு பொய் சொல்லாது."

சூடு கண்ட பூனை. குற்றம் சொல்ல முடியாது. நியாயஸ்தரும்கூட. "பொண்ணு வூட்டுக்காரங்களும் நம்பணும் இல்ல? அதே ஃபிலிம்ல மொதல்ல எங்க புள்ளைய எடுங்க. அவங்களுக்கு அனுப்பறேன்" என்றார்.

அப்போது கிடைத்த கலர் ஃபிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். வெயிலில் நிறுத்தினால் சுலபம். ஆனால் முடிவாகாத கல்யாணத்துக்குப் பெண்ணை வாசலில் உட்கார வைத்துப் படம் எடுக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? வீட்டுக்குள்தான் எடுக்க வேண்டும். அப்படியென்றால் புதுச்சேரி லென்ஸ்தான், வாயை முழுக்கத் திறந்துதான். முதலாளி அரை மனசாகத்தான் கேமராவைக் கொடுத்தார். "பளிச்சுனு வெளிச்சம் இருக்கற எடமாப் பாத்து உக்கார வை. டேப்ப மறக்காத."

திண்டிவனத்தில் மாப்பிள்ளைப் பையன் சம்பந்தத்தை முற்றத்தை ஒட்டி நாற்காலியில் உட்கார வைத்தேன். நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். கூச்ச சுபாவம். வெள்ளைச் சட்டை, நாற்காலிக் கைமேல் கை, அந்தக் கைக்குப் பின்னால் முற்றத்து வெயில். நான் டேப் பிடித்து அளக்கும்போது பினாங்குக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று எதையாவது ஒளிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் பஸ் பிடித்துத் திருவெண்ணெய்நல்லூர். அங்கிருந்து வேணுகோபால் வீட்டு மாட்டுவண்டி. கரும்பும் நெல்லும் போடுகிறவர். இரண்டு பெண்கள். மூத்தவள் கலாவதிக்குத்தான் படம். நல்ல களையான முகம், மாநிறம். ஜன்னலோரம் உட்கார வைத்து, ஜன்னல் கட்டைமேல் கையை வைக்கச் சொன்னேன். வைத்தாள், ஆனால் விரலை உள்ளே மடக்கிக்கொண்டாள்.

"விரல நீட்டும்மா."

நீட்டினாள். நான் கேமராவுக்குள் கண்ணை வைத்ததும் மறுபடியும் மடங்கியது. மூன்றாவது தடவை அதட்டியபிறகுதான் நீட்டியே வைத்திருந்தாள். எனக்கு அது அப்போதே நெருடியது. கண்ணில் ஃபோகஸ் பார்த்து, ஒரு விரல்கடை பின்னால் சாய்ந்து, எடுத்தேன். ஃபிலிமைப் பினாங்குக்காரர் கையில் கொடுத்து என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பம்பாயிலிருந்து வந்தவை ஸ்லைடுகள். காகிதத்தில் அச்சடிக்காமல் ஃபிலிமையே வெட்டிச் சின்ன அட்டைச் சட்டத்தில் வைத்துத் தருவார்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும், அல்லது கண்ணில் வைத்துப் பார்க்கிற பெட்டி ஒன்று உண்டு. சம்பந்தத்தின் ஸ்லைடைத் தரகர் மூலமாகப் பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கலாவதியின் ஸ்லைடைத் தாங்கள் வைத்துக்கொண்டு பினாங்குக்காரர் வீடே உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து வேணுகோபால் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை இல்லை.

"என்னம்மா எடுத்தீங்க? எம் பொண்ணு விரல் நுனியில வெள்ள பூத்துக்கினு வருதாம். ஓரமெல்லாம் ஒரு தினுசா வெளுத்து ஊதா அடிக்குதாம். அது விரல்லதான் ஆரம்பிக்குமாம். பொண்ணு பாக்க வர்ற நாள நிறுத்திட்டாங்க. நாளைக்கு இந்தப் பேச்சு ஊருல பரவுச்சுன்னா சின்னவளையும் எவன் கட்டுவான்? நான் இன்னா பண்ணுவேன் சொல்லுங்க."

தோல் வெளுப்பது தொற்றாது, அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு வெண்குஷ்டம் என்ற அந்தச் சொல் ஒரு வீட்டின்மேல் விழுந்தால் அந்த வீட்டுக்குக் கல்யாணமே கிடையாது.

முதலாளி முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார். "ஃபிலிமத் தொட்டியா? வெளிச்சம் பட்டுச்சா?" இல்லை என்றேன். பிறகு லென்ஸைச் சந்தேகப்பட்டார். வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு வெள்ளையில் இந்த லென்ஸ் ஓரங்களில் பாலாடை மாதிரி ஒரு மங்கல் காட்டும் என்று எங்களுக்குத் தெரியும். அதுதான் கலரில் ஊதாவாக விழுந்ததா? இருக்கலாம் என்றார். அதற்குள் மூன்றாவது சந்தேகம் வந்துவிட்டது.

"ஒருவேள அந்தப் பொண்ணுக்கு நெசமாவே இருந்துச்சுன்னா? நீ பாத்த இல்ல?"

விரலை மடக்கி மடக்கி வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. சொன்னேன். முதலாளி என்னை முறைத்துப் பார்த்தார்.

"போ. போய் வெயில்ல வச்சிப் பாத்துட்டு வா. அழுதாங்கன்னா நம்பாத. சிரிச்சாலும் நம்பாத."

போனேன். கலாவதியின் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "பாருங்க, நீங்களே பாருங்க, எம் பொண்ணு விரல்ல இன்னா இருக்குது?" என்று கலாவதியின் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். பத்து விரல் நுனியிலும் சிவப்புத் தொப்பி. மருதாணி!

"இது எப்போ வச்சீங்க?"

"அவங்க அப்பிடிச் சொன்ன அன்னிக்கே அரைச்சு வச்சேன். எவனாச்சும் வந்து பாத்தா செவசெவன்னு இருக்கட்டும்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். திண்டிவனத்தில் பினாங்குக்காரர் தரகரிடம் சொல்லியனுப்பியதாக வேணுகோபால் சொல்லியிருந்ததே இதுதான்: நேரில் போய் என்ன பார்ப்பது, மருதாணியைப் பூசி மறைத்துவிடுவார்கள், படத்தில் இருப்பதுதான் நிஜம். அவர் வாயால் சொன்னதை இந்தத் தாய் கையால் செய்து வைத்திருக்கிறாள். உள்ளே ஒன்றும் இல்லாததால் கோபத்தில் பூசினாளா, இருப்பதால் பயத்தில் பூசினாளா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

கலாவதியை மட்டும் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் கையைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பைத் தாண்டித் தோல் ஒரே நிறம். சிவப்புக்கு அடியில் என்ன என்று யாருக்குத் தெரியும்? அப்போதுதான் நகங்களைப் பார்த்தேன். எல்லாம் சதை வரை கடித்துத் துப்பியிருந்தது.

"இதுக்குத்தான் மடக்கினியா?"

"அம்மா திட்டுவாங்கக்கா. மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா தரித்திரம்னு சொல்லுவாங்கன்னாங்க."

நம்பலாம் என்று தோன்றியது. நம்பக்கூடாது என்றும் தோன்றியது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் உள்ளே ஓடிப்போய், பெட்டியில் புடவை மடிப்புக்குள்ளிருந்து எதையோ எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். சம்பந்தத்தின் ஸ்லைடு. அட்டைச் சட்டத்தின் மூலைகள் தேய்ந்துபோயிருந்தன.

"இத வானத்துக்கு நேரா புடிச்சிப் பாருங்கக்கா. நாற்காலி மேல இருக்கற கைய."

என்னிடம் பூதக்கண்ணாடி இருந்தது. பிடித்துப் பார்த்தேன். நாற்காலிக் கையைத் தாண்டி நீண்டிருந்த விரல்கள், பின்னால் முற்றத்து வெயில். ஒவ்வொரு விரல் ஓரத்திலும் வெளுத்து, வெளுப்பைச் சுற்றி ஊதா.

"எப்போ பாத்த இத?"

"வந்த அன்னிக்கேக்கா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா? ஏன் சொல்லல?"

"சொன்னா அப்பா இந்த எடம் வேணாம்னுடுவாரு."

"அவருக்கு நெசமாவே இருந்துச்சுன்னா?"

கீழே பார்த்தாள். மருதாணி விரலால் முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். விரலு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டாள்.

இத்தனை வருஷமாக ஒரு முகத்தைப் பார்த்தால் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்றுதான் என் கண் போயிருக்கிறது. ஸ்லைடை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அதை மடியைவிட்டு எடுக்கவில்லை.

முதலாளி ஸ்லைடைப் பார்த்தார். விளக்கில் பார்த்தார், வெயிலில் பார்த்தார். என் பூதக்கண்ணாடியை நம்பாமல் தன்னுடையதை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"இத நேராக் காட்டினா அந்தாளு ஒத்துக்கமாட்டான். நம்ம புள்ளைக்குன்னதும் கண்ணு வேற மாதிரி பாக்கும். கறுப்புக் காகிதம் எடு."

ஃபிலிம் சுற்றி வருகிற கறுப்புக் காகிதத்தில் ஸ்லைடு அளவுக்கு ஒரு மூடி வெட்டச் சொன்னார். நடுவில் சின்ன ஓட்டை. அந்த ஓட்டை வழியாக விரல் நுனிகள் மட்டும் தெரியும். வெட்டினேன். அவருக்குத் திருப்தி வரும்வரை மூன்று தடவை வெட்டினேன்.

வேணுகோபாலையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனோம். பினாங்குக்காரர் உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. சம்பந்தத்தின் அம்மா, பினாங்குக்காரருக்கு அக்கா, கதவோரம் நின்றாள். சம்பந்தம் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சண்டைக்கு வரலீங்க. நீங்க இன்னா பாத்தீங்கன்னு எனக்குத் தெரியணும். அந்தப் பாக்கற பொட்டியையும் பொண்ணு படத்தையும் குடுங்க" என்றார் முதலாளி. வாங்கி, பெண்ணின் ஸ்லைடை உள்ளங்கையில் ஒதுக்கிவிட்டு, மூடி போட்ட ஸ்லைடை உள்ளே வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். "விரலு மட்டும் தெரியற மாதிரி மறைச்சிருக்கேன். இதானுங்களா பாருங்க."

பினாங்குக்காரர் கண்ணில் வைத்தார். "இதேதான். இதத்தான் நானும் சொன்னேன். பாருங்க, மூணு விரல்லயும் வெளுத்து ஓரம் ஊதா அடிக்குது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"ஒரு தடவைக்கு பத்து தடவ பாத்தாச்சு. வியாதிதான்."

"அக்காவும் பாக்கட்டுங்க."

அம்மாவும் பார்த்தாள். "அய்யய்யோ, ஆமா" என்றாள்.

முதலாளி பெட்டியை வாங்கி ஸ்லைடை வெளியே எடுத்தார். அவசரமே படவில்லை. கறுப்புக் காகிதத்தை உரித்தார், ஊதினார், மறுபடி உள்ளே வைத்துக் கொடுத்தார்.

பினாங்குக்காரர் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அம்மாதான் முதலில் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்ததும் ஓடிப்போய் மகன் கையைப் பிடித்து முற்றத்து வெயிலுக்கு இழுத்தாள். விரல் விரலாகத் தேய்த்துப் பார்த்தாள். "எப்படா வந்துச்சு? ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று ஒரே சத்தம். பாவம், அந்தப் பிள்ளை மிரண்டுபோய் நின்றார்.

அப்போது வேணுகோபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதுவரை குனிந்தே இருந்த மனுஷன்.

"அப்போ நாங்களும் யோசிக்கணும் இல்லீங்க? மாப்ள கைய நானும் கொஞ்சம் பாத்துடறேன்."

அதே முற்றத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மைக்கறை மட்டும் இருந்தது. அதையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க" என்றார் முதலாளி. "லென்ஸ் வாய முழுக்கத் தொறந்தா, பின்னால வெயில் அடிச்சா, எல்லாக் கலரும் ஒரே எடத்துல வந்து சேராது. ஊதா மட்டும் தனியா ஓரத்துல வழிஞ்சிடும். பொண்ணு ஜன்னலோரம், புள்ள முத்தத்தோரம். ரெண்டு பேரும் ஒரே கண்ணாடி, ஒரே வழிசல்."

பினாங்குக்காரர் விடவில்லை. "அப்போ உன் கண்ணாடி மோசம்னு ஒத்துக்கிறியா?"

"எந்தக் கண்ணாடிய நான் நம்பினேன்? கலரு பொய் சொல்லாதுன்னு நம்பினது நீங்கதான்."

சம்பந்தம்தான் மெதுவாகக் கேட்டார். முதல்தடவையாக அவர் குரலைக் கேட்கிறேன். "என் போட்டோ அவங்க வூட்டுலதான இருந்துது? அவங்க யாரும் இதப் பாக்கலியா?"

நான் வேணுகோபாலைப் பார்த்தேன். அவருக்கு இது தெரியாது. இருந்தாலும் சொன்னேன். "பொண்ணு பாத்துச்சு. வந்த அன்னிக்கே பாத்துச்சு. யாருகிட்டயும் சொல்லல."

சம்பந்தம் தன் விரல்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பினாங்குக்காரர் பக்கம் திரும்பினார். "மாமா, நாள் பாருங்க" என்றார். அவ்வளவுதான். வேணுகோபால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை ஈரம் இருந்தது.

கல்யாணம் திருவெண்ணெய்நல்லூரில். காலை முகூர்த்தம், கோயில் மண்டபம். உள்ளே வெளிச்சம் போதவில்லை. அய்யர் ஃபிளாஷ் பல்பு வேண்டாம் என்றுவிட்டார். மறுபடியும் அதே புதுச்சேரி லென்ஸ், வாயை முழுக்கத் திறந்து. கறுப்பு வெள்ளைதான், ஊதாவுக்கு வேலை இல்லை. ஆனால் ஃபோகஸுக்கு உண்டு. தாலி கட்டும்போது எடுத்தேன், மெட்டி போடும்போது எடுத்தேன். கையைப் பிடித்துக் கொடுக்கிற நேரம் வந்தது. மருதாணி வெளுத்துப்போன விரல்களைச் சம்பந்தம் பிடித்துக்கொண்டார். அப்போது இருவருக்கும் பின்னாலிருந்து ஒரு தலை மெல்ல நீண்டது. பினாங்குக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை இடுக்கி, அந்த விரல் நுனிகளை ஒரு கடைசித் தடவை சோதித்துக்கொண்டிருந்தார். அமுக்கினேன்.

கழுவிப் பார்த்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் மங்கலாகத் தெரிந்தார்கள். பின்னாலிருந்த பினாங்குக்காரரின் இடுக்கிய கண் மட்டும் ஒவ்வொரு இமைமயிரையும் எண்ணுகிற மாதிரி பளிச்சென்று விழுந்திருந்தது.

"பின்னால சாயலியா நீ?" என்றார் முதலாளி.

"கூட்டத்துல மறந்துட்டேன் முதலாளி."

"நீயா? மறந்தியா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எத்தனையோ வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். இதை மட்டும் அவர் நம்பவே இல்லை. நீங்களும் நம்ப வேண்டியதில்லை.

ஆல்பத்தில் சேர்க்காமல் அந்தப் படத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தோம். மறுவீடு முடிந்து படங்களை வாங்க வந்த கலாவதி, எல்லாவற்றையும் புரட்டிவிட்டு அதைக் கையில் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தத்திடம் காட்டினாள், அவரும் சிரித்தார். சத்தம் கேட்டு முதலாளி இருட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதத்தாங்க்கா பெரிசு பண்ணிக் குடுக்கணும்" என்றாள். "கூடத்துல, வாசலுக்கு நேரா மாட்டப்போறேன். பினாங்கு மாமா தெனமும் காபி குடிக்க வருவாரு இல்ல, பாத்துக்கினே குடிக்கட்டும்."